பதினாலாம் நம்பர் பஸ்ஸின் கோடு

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அது சரியில்லை. நுனிவரை வந்து உட்கார அதற்குப் பொறுமை கிடையாது, நேராக வாய்க்கு வந்துவிடும். அன்றைக்குத் தங்கை போன் செய்தபோதும் அப்படித்தான் ஆயிற்று.

"அக்கா, என் கிளாஸ் மேப்ல இல்லையாம்."

"இல்லன்னா என்னடி அர்த்தம்? நான்தானே வரைஞ்சேன்."

"இப்ப இல்லையாம். மேப்ல இல்லாத இடத்துக்கு அனுமதி புதுப்பிக்க மாட்டாங்களாம். இந்த மாசக் கடைசியோட நிறுத்திக்கணும்னு செய்தி வந்திருக்கு."

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அழுதால்கூட எனக்குத் தாங்கும். அவள் சாதாரணமாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

நான் நகராட்சியின் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். ஊரில் எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று கணினியில் வரைந்து வைப்பது என் வேலை. தங்கை முன்பு ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். கடையை இழுத்து மூடியதும், ஏழெட்டுப் பழைய சைக்கிள்களை வாங்கிப் போட்டுக்கொண்டு, பெரியவர்களுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லித்தர ஆரம்பித்தாள். சின்ன வயதில் கற்றுக்கொள்ளாமல் விட்டு, இப்போது வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர்கள்தான் அவளிடம் வருவார்கள். யார் விழுந்தாலும் சிரிக்க மாட்டாள். கூடப் பிறந்த என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாள். இரண்டு வருடமாக அவளுக்குச் சோறு போடுவது அந்த வகுப்பு. அதைவிட, காலையில் அவளை முகம் மலர எழுப்புவதும் அதுதான். இடம் பஸ் டிப்போவின் பின்பக்க மைதானம். விடிவதற்குள் பஸ்கள் எல்லாம் வெளியே போய்விடும், மத்தியானம் ஷிப்ட் மாறும்போதுதான் திரும்பும். நடுவில் வெறும் சிமென்ட் தரை. சைக்கிள் பழக அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மறுநாள் அலுவலகத்தில் பையைக்கூட இறக்கி வைக்காமல் எங்கள் பிரிவுத் தலைவர் முன்னால் போய் நின்றேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கோந்து. வரைபடத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு மயிரிழை சந்து தெரிந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது, இழுத்து ஒட்டிவிடுவார். ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தாலும் பொறுக்க மாட்டார். கெட்டவர் இல்லை. சுத்தக்காரர், அவ்வளவுதான்.

"சார், டிப்போ கிரவுண்டுல இருந்த சைக்கிள் கிளாஸை யாரு அழிச்சது?"

"யாரும் அழிக்கல மேடம். போன வாரம் ஊர் முழுக்கச் சரிபார்ப்பு ஓட்டினோம்ல, அதுல போயிருக்கும். ஒரே இடத்துல ரெண்டு உருவம் இருந்தா அது தப்பு. சின்னதைத் தூக்கிடும்."

"அது என் தங்கச்சியோடது சார். இதை நானே முதல்ல சொல்லிடறேன். நாளைக்கு வேற யாரும் வந்து உங்க காதுல ஓத வேண்டாம்."

"யாரோடதா இருந்தா என்ன, தப்பு தப்புதானே."

"எப்படி சார் தப்பு? பஸ் போனப்புறம்தான் சைக்கிள் வருது. சைக்கிள் போனப்புறம்தான் பஸ் வருது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்ததே இல்ல. அப்புறம் எங்கேர்ந்து மேல ஏறும்?"

"மேப்புக்கு நேரம் தெரியாதே மேடம். அதுக்கு இடம் மட்டும்தான் தெரியும்."

"தெரியலன்னா சொல்லித் தரணும். நீங்க இப்ப உக்காந்திருக்கிற நாற்காலியிலதான் ராத்திரி வாட்ச்மேன் தூங்குறாரு. ஒரே நாற்காலி, ரெண்டு ஆளு. உங்க சரிபார்ப்பை இந்த ரூமுக்குள்ள ஓட்டினா யாரைத் தூக்கும்? அவரு உங்களைவிட ஒரு சாண் உயரம், பார்த்துக்குங்க."

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. கோந்து மெதுவாக எழுந்து தன் நாற்காலியைப் பார்த்தார்.

"அதான் தினமும் காலையில சாஞ்சு கிடக்குதா?" என்றார். பிறகு சிரித்துவிட்டார். எனக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது. இறங்கும்போதும் அது வேகமாகத்தான் இறங்கும்.

சிரித்தாலும் அவர் சும்மா விடவில்லை. "ஒரே ஒரு இடத்துக்கு நேரத்தையும் சேர்த்து வரைஞ்சு காட்டுங்க. அந்த டிப்போவையே எடுத்துக்குங்க. பஸ் எல்லாத்துலயும் இடம்காட்டும் கருவி இருக்கு, ஒரு மாசத்து ஓட்டம் நம்மகிட்டயே கிடக்கு. ரெண்டும் தொடலன்னு நிரூபிச்சா ஊர் முழுக்க விதியை மாத்திடறேன். ஆனா ஒரு பஸ் அந்த நேரத்துல உள்ள வந்திருந்தாலும் நீங்க பேசக்கூடாது. ஓட்டத் தெரியாதவங்க சைக்கிள் பழகுற இடத்துல பஸ் வந்தா, அதுக்கு நானும் கையெழுத்துப் போட மாட்டேன், டிப்போ மேனேஜரம்மாவும் போட மாட்டாங்க."

நியாயமான பேச்சு. "சரி சார்" என்றேன். ஒரு பஸ்ஸும் வந்திருக்காது என்ற தைரியம் எனக்கு.

அந்த வாரம் முழுவதும் அதே வேலையாக இருந்தேன். சொன்னால் எளிமையாகத்தான் இருக்கும். திரையில் ஊரின் வரைபடத்தைத் தரையாகப் போட்டுவிட வேண்டும். அந்தத் தரையிலிருந்து மேலே போகப் போக நேரம். அடியில் விடியற்காலை, உச்சியில் நள்ளிரவு. ஒரு பஸ் ஓடினால் அதன் பாதை சாய்ந்தபடி மேலே ஏறும், நின்றால் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். காரணம், இடம் மாறாவிட்டாலும் நேரம் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது. டிப்போ மைதானம் பழைய வரைபடத்தில் வெறும் ஒரு கட்டம். இதில் அது அடுக்கு டப்பா மாதிரி ஆகிவிட்டது. கீழ் டப்பா பஸ்களுக்கு, நடு டப்பா தங்கைக்கு, மேல் டப்பா மறுபடி பஸ்களுக்கு. மூன்றும் ஒரே இடத்தில், ஒன்றையொன்று இடிக்காமல் உட்கார்ந்திருந்தன. உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடம் ஊரை மேலேயிருந்து நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. பகலில் சாலையாகவும் சாயங்காலம் சந்தையாகவும் இருக்கிற தெரு, காலையில் பள்ளியாகவும் ராத்திரி முதியோர் வகுப்பாகவும் இருக்கிற கட்டடம், எல்லாவற்றுக்கும் இதில் இடம் உண்டு.

கடைசியாக பஸ்களின் பாதைகளை அதன் மேல் விட்டேன். நூற்றுக்கணக்கான கோடுகள் விடியலில் மைதானத்திலிருந்து கிளம்பி ஊரெங்கும் விரிந்து, மத்தியானம் திரும்பி வந்து கூடின. நடு டப்பா காலியாக இருந்தது.

காலி இல்லை. ஒரு கோடு இருந்தது.

பதினாலாம் நம்பர் பஸ். காலைக் கூட்டம் ஓய்ந்ததும், கடைசி நிறுத்தத்தில் ஓய்வெடுக்க வேண்டிய பஸ், நேராக டிப்போவுக்கு வந்து தங்கையின் வகுப்புக்குள் நுழைந்து, கிழக்கு மூலையில் செங்குத்தாக நின்றது. அரைமணிக்கும் மேல். ஒரு நாள் இருந்தால் பழுது என்று சொல்லலாம். வேலை நாள் ஒவ்வொன்றிலும் நின்றது.

அந்தக் கோட்டை நீக்குவது ஒரு தட்டல் வேலை. கருவிகள் அடிக்கடி உளறும். சுவரில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையை நம்பி, பஸ் குளத்துக்குள் நிற்கிறது என்று காட்டும். அப்படிப்பட்ட புள்ளிகளைக் குப்பை என்று தினமும் தள்ளுகிறவளே நான்தான். விரல் நீக்கும் விசையின் மேலேயே இருந்தது. கோந்து கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று. அந்த மூலையில் நாளைக்கு ஒரு பெண்மணி விழுந்து, பின்னால் பஸ் நகர்ந்தால்? கணினியை அணைத்துவிட்டு, அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, டிப்போவுக்குப் போனேன்.

மைதானத்தில் நாலைந்து பேர் வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், எல்லோருடைய முகத்திலும் பரீட்சைக் களை. தங்கை ஒரு பல் டாக்டரம்மாவின் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சீட்டை விட்டுவிட்டாள். டாக்டரம்மா தனியாகப் போய்க்கொண்டிருந்தார், அது அவருக்குத் தெரியாது.

"இந்த நேரத்துல கிரவுண்டுக்குள்ள பஸ் வருதாடி?" என்று கேட்டேன்.

"பஸ்ஸா? எந்த பஸ்?"

அவளுக்குப் பின்னால், கிழக்கு மூலையில், சுவரை ஒட்டி, ஒரு வீட்டளவுக்குப் பதினாலாம் நம்பர் நின்றுகொண்டிருந்தது.

"என் காதுல பூ சுத்தாத. அது என்ன, உன் புது சைக்கிளா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன். "அக்கா, வேணாம்க்கா, அங்க போகாத" என்று பின்னால் ஓடி வந்தாள். டிரைவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்தியபடி பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன்.

பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து மாதிரி இடம் இருந்தது. அதில், காக்கிச் சட்டையும், பேண்ட் செயினில் மாட்டாமலிருக்கக் காலில் துணி கிளிப்புமாக, ஆறடி உயரத்தில் ஒரு ஆள், சின்னச் சிவப்பு சைக்கிளின் மேல் உட்கார்ந்து, ஒரு கையால் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சைக்கிளோடு சுவரில் சாய்ந்துவிட்டார்.

நான் வரிசைப்படுத்திய கேள்வி அத்தனையும் மறந்துபோயிற்று.

"பஸ் ஓட்டுறவர்தானே நீங்க?" என்றுதான் கேட்க வந்தது.

"இருபது வருஷமா ஓட்டுறேன் மேடம்" என்றார். முகம் சைக்கிளைவிடச் சிவப்பாக இருந்தது. "அது நாலு சக்கரத்துக்கு மேல. அதுபாட்டுக்கு நிக்கும். இது நிக்க மாட்டேங்குது."

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்கு குடுத்திருக்கேன்க்கா. டிப்போவுல தெரிஞ்சா மத்த டிரைவருங்க சாகற வரைக்கும் கேலி பண்ணி ஓட்டுவாங்க. பஸ்தான் அவருக்கு மறைப்பு."

டிரைவர் சைக்கிளை நிமிர்த்தி வைத்துவிட்டு, தானாகவே சொன்னார். அவருடைய மகள் போன கோடையில் சைக்கிள் கற்றுக்கொண்டாளாம். அம்மா இல்லாத பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க் கரைப் பாதையில் சேர்ந்து ஓட்டலாம் வாங்கப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள். "எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியாதுங்க. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாத வண்டியே இல்லன்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லி வச்சிருக்கா. ஞாயித்துக்கிழமை டியூட்டின்னு சொல்லிட்டேன். அப்புறம் பொய்யா இருக்க வேணாமேன்னு நிஜமாவே டியூட்டி கேட்டு வாங்கிட்டேன். ஞாயிறுல யாரும் எடுக்க மாட்டாங்க, உடனே குடுத்துட்டாங்க. இப்ப ஞாயித்துக்கிழமை வந்தா அவ தனியா போறா, நான் பாதி காலி பஸ்ஸை ஊரெல்லாம் சுத்திட்டிருக்கேன்."

நான் வழக்கம்போலக் கோபப்பட்டேன்.

"நல்லா பண்ணீங்க ரெண்டு பேரும். நாளன்னிக்கு எங்க சாரும் உங்க மேனேஜரம்மாவும் இங்கதான் வந்து, பஸ் ஓட்டத்தை நான் வரைஞ்ச படத்தைப் பார்க்கப் போறாங்க. அந்தப் படத்துல உங்க பஸ் நட்டுவச்ச கம்பம் மாதிரி நிக்குது. எடுத்துட்டா நான் பொய்க்காரி. விட்டா இவ கிளாஸ் போச்சு."

டிரைவர் தங்கையைப் பார்த்தார். "டீச்சர், கிளாஸே போகப்போகுதுன்னு நீங்க சொல்லலையே."

"நீங்க இன்னும் திருப்பவே கத்துக்கலையே" என்றாள் அவள். "அதுக்குள்ள எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். ஆனால் கோட்டை எடுக்கவில்லை.

சொன்ன நாளில் கோந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு டிப்போவுக்கு வந்தார். மேனேஜரம்மா மைதானத்தின் ஓரத்தில் மேசை போட்டு வைத்திருந்தார். பருத்த உடம்பு, மெல்லிய குரல், எதற்கும் அவசரப்படாத ஆள். ஷிப்ட் மாற்றக் காத்திருந்த ஏழெட்டு டிரைவர்கள் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கு மூலை அன்றைக்குக் காலியாக இருந்தது. வராதீர்கள் என்று தங்கை டிரைவரிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தைத் திறந்து சுற்றிக் காட்டினேன். மேனேஜரம்மா அடுக்கு டப்பாக்களைப் பார்த்து, "அட, எங்க டிப்போ இவ்வளவு அழகா?" என்றார். கோந்துவுக்கும் பெருமைதான். ஒரு விநாடி எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு கோந்துவின் விரல், நான் எதிர்பார்த்த இடத்துக்கே, போய் நின்றது.

"இந்தக் கோடு என்ன மேடம்?"

"பதினாலாம் நம்பர் பஸ் சார். தினமும் வந்து நிக்குது. கருவிக் கோளாறு இல்ல, நான் நேர்ல பார்த்தேன்."

மேனேஜரம்மா தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "கிளாஸ் நடக்கும்போதா? எதுக்கும்மா வருது?"

தங்கை என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். "அது... நான் சொல்ல முடியாது மேடம்" என்றாள்.

அவளைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது எனக்கு. இரண்டு வருட உழைப்பு, அடுத்த மாதச் சாப்பாடு, எல்லாம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. இவள் ஒரு டிரைவரின் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாள். அவளைவிட நல்லவள் உலகத்தில் கிடையாது என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில்.

"அப்படின்னா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்று கோந்து வருத்தமாகத்தான் சொன்னார். மடிக்கணினியை மூடப் போனார்.

அப்போதுதான் வாசல் பக்கம் பெஞ்சில் சலசலப்பு. பதினாலாம் நம்பரை வெளியே சாலையில் நிறுத்திவிட்டு, டிரைவர் நடந்து உள்ளே வந்துகொண்டிருந்தார். காலில் துணி கிளிப் இருந்தது. யாரிடமும் எதுவும் பேசாமல், சுவரில் சாய்த்திருந்த சிவப்பு சைக்கிளை எடுத்தார். ஏறினார். ஒரு பக்கமும் மறைப்பு இல்லாத நடு மைதானத்தில், முழங்கால் இரண்டும் கைப்பிடியில் இடிக்க, வளைந்து நெளிந்து ஓட்ட ஆரம்பித்தார்.

பெஞ்சிலிருந்து ஒருவர் விசில் அடித்தார். "அண்ணே, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று இன்னொருவர். "அடுத்த ஸ்டாப்ல இறக்கி விடுங்கண்ணே" என்று மூன்றாமவர். டிரைவர் காதில் வாங்கவே இல்லை. எங்கள் மேசையைக் கடக்கும்போது மட்டும், தலையைத் திருப்பப் பயந்து, நேராகப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தக் கோடு நான்தாங்க சார்."

சொல்லிவிட்டுப் போனார். நிறுத்தத்தான் தெரியவில்லை. இன்னொரு சுற்று வந்தார், அப்புறம் இன்னொன்று. "பிரேக், பிரேக்" என்று தங்கை கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். கடைசியில் பழைய டயர் அடுக்கில் போய் மெதுவாக முட்டி, டயருக்குள் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சில் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. ஆனால் முதலில் விசிலடித்தவர்தான் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கினார். "எனக்கும் தெரியாதுடா, சொல்லித் தொலைக்காத" என்று அவர் சொன்னது, பக்கத்தில் இருந்த தங்கைக்குக் கேட்டிருக்கிறது.

மேனேஜரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்தான். "பிரேக் பிடிக்கத் தெரியாத ஆளுகிட்டயா இவ்வளவு நாளா பஸ்ஸைக் குடுத்து வச்சிருந்தேன்?" என்றார். டிரைவர் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து முன்னால் நின்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், மகள் விஷயம் உட்பட. பெஞ்சில் இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

மேனேஜரம்மா வாசலைக் காட்டினார். "கிளாஸ் நேரத்துல பஸ் இந்த வாசலைத் தாண்டி வரக்கூடாது. வெளிய ரோட்டுல நிறுத்து" என்றார். டிரைவர் தலையை ஆட்டினார். "நீ வரலாம்" என்றார்.

கோந்து மடிக்கணினியை மறுபடி திறந்தார். பஸ் வெளியே நின்றால் கோடு எங்கே நிற்கும் என்று நகர்த்திப் பார்த்தார். நடு டப்பா சுத்தமாக இருந்தது. "தொடல" என்றார், ஏதோ தானே பெற்றெடுத்த மாதிரி. அந்த வாரமே விதி மாறியது. ஒரே இடத்தில் இரண்டு உருவம் இருக்கலாம், நேரம் இடிக்காதவரை. சரிபார்ப்பில் அடிபட்டுப்போன முந்நூற்றுச் சொச்சம் இடங்கள் வரைபடத்துக்குத் திரும்பி வந்தன. தங்கையின் அனுமதியும் புதுப்பித்து வந்தது. வாட்ச்மேனுக்குத் தனியாக ஒரு சாய்வு நாற்காலியும் வந்தது. அதை மட்டும் கோந்து யாரிடமும் சொல்லாமல் செய்தார்.

அனுமதி வந்த அன்று தங்கை வீட்டுக்கு வந்து என் சமையலறை மேடையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "கோட்டை எடுத்திருப்பியோன்னு பயந்தேன்க்கா" என்றாள்.

"எடுக்கணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு."

"எடுத்திருந்தா அவரு இன்னும் பஸ்ஸைப் பிடிச்சிட்டேதான் ஓட்டிட்டிருப்பாரு" என்று சிரித்தாள். எப்போதும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. எனக்கு அன்றைக்குக் கோபமே வரவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல வார இறுதி பஸ் ஓட்டங்களைத் திறந்து சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பதினாலாம் நம்பரின் ஞாயிற்றுக்கிழமைக் கோடு எனக்கு மனப்பாடம். ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்து அலைந்து மேலே ஏறும்.

அந்த ஞாயிறு அது அலையவில்லை. டிப்போவில், தன் இடத்தில், அடியிலிருந்து உச்சிவரை ஒரே செங்குத்தாக நின்றது.

கோந்து டீக் கோப்பையோடு என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். "என்ன மேடம், கருவி செத்துப்போச்சா? நாள் பூரா நகரவே இல்லையே."

"நல்லா வேலை செய்யுது சார். டிரைவர் லீவு."

"ஓ" என்றார் அவர். போக இரண்டடி வைத்தவர், திரும்பி வந்தார். படத்தைத் தானே சுற்றி, டிப்போவை விட்டு நகர்த்தி, கால்வாய்க் கரைப் பாதையைத் திரைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தார். அங்கே ஒரு கோடும் இல்லை. சைக்கிளில் யாரும் கருவி மாட்டுவதில்லை.

நாங்கள் இருவரும் அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அதை ஒட்டச் சொல்லவில்லை.